வெறுங்கண் பாடம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு லூப் தரவில்லை. வைர அலுவலகத்தில் வேலை என்றதும், கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கிக்கொண்டு உட்காரப்போகிறாள் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சௌகார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரியின் அலுவலகம் அது. கல் பிரிக்கும் மேசைக்குப் பொறுப்பாக இருந்தவர் காரைக்குடிப் பக்கத்துக்காரர். பம்பாய் ஆபரா ஹவுஸ் சந்தையில் பல வருஷம் கல் பிரித்துவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பியவர். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: முதலில் வெறுங்கண்.

“லூப்பக் குடுத்தா நீ குத்தந்தாம்மா தேடுவே. கல்லு வெளிச்சத்த என்ன பண்ணுதுன்னு பாக்க மாட்டே.”

கல்லைப் பார்க்கும் இடம் விரல் சந்து. கையைக் குவித்து, இரண்டு விரல்களுக்கு நடுவே கல்லின் கூர்முனை உள்ளே போகும்படி உட்கார வைத்தால் முகம் மட்டும் மேலே தெரியும். மோதிரத்தில் பதித்த மாதிரி. அப்படி ஒரே எடையில் மூன்று கல்லை வரிசையாக வைத்துக் கையை மெல்ல ஆட்டச் சொல்வார். ஒன்று கொத்துக் கொத்தாக வெள்ளை வெளிச்சத்தை வீசும், நடுநடுவே சிவப்பும் பச்சையுமாகத் தெறிக்கும். இன்னொன்றில் நடுவில் ஒரு இருட்டு. மூன்றாவதில் முகத்தைச் சுற்றி உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். எடை ஒன்று, நிறம் ஏறக்குறைய ஒன்று, உள்ளே அழுக்கு எதுவும் கிடையாது. வித்தியாசம் முழுக்க வெட்டில்.

அதன் காரணத்தை நான் சீக்கிரமே பிடித்துக்கொண்டேன் என்றால் அதற்கு அப்பாதான் காரணம். அவர் திருச்சியில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியவர். திருச்சி, புதுக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு சக்கரம் ஓடிய தொழில். அடிப்பட்டையின் சாய்வு கொஞ்சம் மாறினாலும் கல் செத்துவிடும் என்று அவர் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். ஏன் செத்துப்போகிறது என்பது மட்டும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கை சொல்லும், அவ்வளவுதான்.

அதை அண்ணன் ஒரு துண்டுக் காகிதத்தில் வரைந்து காட்டினார். வைரத்துக்குள் நுழையும் ஒளி மிகவும் வளைந்துபோகும். அதன் ஒளிவிலகல் எண் 2.42. உள்ளே போன ஒளி அடிப்பட்டையில் போய் மோதும்போது, செங்குத்திலிருந்து சுமார் 24.5 டிகிரிக்கு மேல் சாய்ந்து மோதினால் வெளியே போக முடியாது. கண்ணாடியில் பட்டதுபோலத் திரும்பும். எதிர்ப்பக்கத்துப் பட்டையில் இன்னொரு தடவை திரும்பி, வந்த வழியே மேலே வரும். அடிப்பாகத்தைத் தட்டையாக வெட்டினாலும் சரி, கிணறுபோல ஆழமாக வெட்டினாலும் சரி, அந்த இரண்டு திரும்பலில் ஒன்று தவறி ஒளி கீழே ஒழுகிவிடும். தட்டையாய்ப் போனால் வரும் சாம்பல் வளையத்துக்கு ஃபிஷ் ஐ என்று பெயர், ஆழமாய்ப் போனால் வரும் இருட்டுக்கு நெயில்ஹெட். 1919-இல் மார்செல் டால்கோவ்ஸ்கி என்ற இளைஞர் இதைக் கணக்குப் போட்டுப் புத்தகமாகவே எழுதினார்: அடிச்சாய்வு 40.75 டிகிரி, மேல்சாய்வு 34.5 டிகிரி, மேலே உள்ள சமதளம் விட்டத்தில் 53 சதவீதம். இன்றைக்கு இதைச் சுற்றிப் பல அளவுகளை நல்ல வெட்டு என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஆனாலும் பேச்சு அங்கேயிருந்துதான் தொடங்கும்.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, தெரிந்தே ஏன் கெட்ட கோணத்தில் வெட்டுகிறார்கள்? எனக்கு விளங்க நாளான விஷயம் இது. விடை தராசில் இருந்தது.

ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். அதை நூறாகப் பங்கிட்டு சென்ட் என்பார்கள்; நம் ஊர்க் கடைகளில் பத்து சென்ட் கல், இருபது சென்ட் கல் என்றுதான் பேச்சு. விலை எடையோடு சீராக ஏறினால் தொல்லையில்லை. அது படிப்படியாகத் தாவும்: அரை கேரட்டில் ஒரு படி, ஒரு கேரட்டில் பெரிய படி. 95 சென்டுக்கும் ஒரு கேரட்டுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் கிடையாது, பைக்கு உண்டு. அதனால் பட்டை தீட்டுகிறவர் எடையைக் காப்பாற்றப் பார்ப்பார். வயிற்றைக் கொஞ்சம் பருமனாக விடுவார், இடுப்பைத் தடிமனாக விடுவார். ஒழுங்காக வெட்டிய ஒரு கேரட் வட்டக் கல்லின் குறுக்களவு 6.5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். எடையை ஒளித்து வைத்த கல் 6.2 தான் வரும், அதாவது 90 சென்ட் கல்லின் முகம். மேலே தெரியாத பத்து சென்டுக்கும் சேர்த்து வாங்குகிறவர் காசு கொடுக்கிறார். வெளிச்சத்தையும் இழக்கிறார். அண்ணன் தராசை நம்புவதைவிட அளவுகோலை நம்பியதற்குக் காரணம் இதுதான்.

எடையா ஒளியா என்ற இழுபறி பழையது. நம் நாட்டில் வைரத்தின் பெருமை அதன் பருமனில் இருந்தது. இயற்கையில் எட்டு முகமும் ஆறு முனையுமாகப் பிசகில்லாமல் விளைந்த கல்லைத்தான் பழைய ரத்தின சாத்திரங்கள் தலையில் தூக்கி வைத்தன. முகலாயர் காலத்திலும் எடை கரையாமல் வெட்டுவதே வழக்கம். கோஹினூர் 1851-இல் லண்டன் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, இவ்வளவுதானா என்று கூட்டம் உதட்டைப் பிதுக்கியது. மறு வருஷமே மீண்டும் வெட்டினார்கள். 186 கேரட் 105.6 ஆனது. கொள்ளை கொண்டு போனதோடு நிற்காமல் கரைக்கவும் செய்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். அண்ணனுக்கு வராது. “இப்பத்தாம்மா அதுக்கு மூச்சு வந்துச்சு” என்பார்.

வெட்டுக்கு அடுத்தது நிறம். இதற்கும் லூப் வேண்டாம், காகிதம் வேண்டும். வைரம் மடித்து வரும் பொட்டலத்தின் உள்தாள் பெரும்பாலும் இளநீலமாக இருக்கும். நீலத்தின்மேல் மஞ்சள் சாயல் தெரியாது, கல் வெளுப்பாகத் தோன்றும். விற்கிறவர் பொட்டலத்தைப் பிரித்து அதிலேயே வைத்துக் காட்டுவார். வாங்கத் தெரிந்தவர் முதல் வேலையாகக் கல்லை எடுத்து வெள்ளைத் தாளுக்கு மாற்றுவார். தாளை நடுவில் மடித்து, பள்ளத்தில் கல்லைக் கவிழ்த்துப் போட்டு, பக்கவாட்டில் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் பளபளப்பு நிறத்தை மறைத்துவிடும். நிறம் தெரிந்த ஜாடைக் கற்களைப் பக்கத்தில் வைத்து, இது அதைவிட மஞ்சளா வெளுப்பா என்று ஒப்பிடுவதுதான் முறை. மட்டங்கள் டி-யில் ஆரம்பித்து இசட் வரை. அதற்கு முன்பு ஆளாளுக்கு ஏ, இரட்டை ஏ என்று போட்டுக் குழப்பி வைத்திருந்ததால், 1950களில் அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. நிறுவனம் பழைய எழுத்துகளைத் தொடாமல் டி-யிலிருந்து தொடங்கியது.

வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று எல்லாப் பாடப் புத்தகமும் சொல்லும். ஐரோப்பாவில் அது சரி, அங்கே உச்சிச் சூரியன் எப்போதும் தெற்கேதான். சென்னையில் சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியும்வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அந்த மாதங்களில் எங்கள் வடக்கு ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டு, பகல் வெளிச்ச விளக்கைப் போட்டுக்கொண்டுதான் நிறம் பார்ப்போம்.

நிறத்தில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு தனி ஆசை உண்டு: ப்ளூ ஜாகர். செட்டிநாட்டு ஆச்சிகளிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் போதும், குரலே மாறிவிடும். தென்னாப்பிரிக்காவில் யாகர்ஸ்ஃபோன்டெய்ன் என்ற சுரங்கம். 1870 வாக்கில் அங்கே வைரம் கிடைக்கத் தொடங்கியது. 1893-இல் 995 கேரட்டில் எக்செல்சியர் என்ற கல் அங்கேதான் கிடைத்தது. வெள்ளையில் நீலம் ஓடுகிற கற்களுக்கு அந்தச் சுரங்கம் பேர்போனது. அந்தப் பெயர்தான் நம் ஊர் வாயில் ஜாகர் ஆனது. இப்போது எந்தச் சுரங்கத்துக் கல்லானாலும் வெயிலில் நீலம் காட்டினால் ஜாகர்தான்.

அந்த நீலத்தின் கதையை அண்ணன் கள்ளநோட்டு பார்க்கிற விளக்கில் காட்டினார். கல்லாப்பெட்டி அருகே எல்லாக் கடையிலும் இருக்குமே, அந்தப் புற ஊதா விளக்கு. ஒரு பொட்டலத்தைக் கொட்டி, அறை விளக்கை அணைத்து அதைப் போட்டால், சில கற்கள் மட்டும் பளீரென்று நீலமாக ஒளிரும். நைட்ரஜன் அணுக்கள் ஒருவகையாகக் கூடியிருப்பதால் வருவது. வெயிலிலும் புற ஊதா இருப்பதால் பகலில் லேசான நீலம் எழுந்து மஞ்சளை அமுக்கி, கல்லை இன்னும் வெளுப்பாகக் காட்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆச்சிகள் அதிகம் கொடுத்து வாங்கிய இதே குணத்துக்கு உலகச் சந்தை விலையைக் குறைக்கிறது. உயர்ந்த நிறக் கல்லின் சான்றிதழில் ‘ஸ்ட்ராங் ப்ளூ’ என்று இருந்தால் தள்ளுபடி கேட்பார்கள், கல் மங்கலாக இருக்குமாம். 1997-இல் ஜி.ஐ.ஏ. ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்த்தது. சாதாரணமாகப் பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. முகத்தை வைத்துப் பார்க்கும்போது நீலம் கூடிய கற்கள் நிறத்தில் கொஞ்சம் மேலாகவே தெரிந்தன. தள்ளுபடி மட்டும் போகவில்லை. இந்த விஷயத்தில் நான் ஆச்சிகள் கட்சி.

லூப் கைக்கு வந்தது இதெல்லாம் பழகிய பிறகு. பத்து மடங்கு பெருக்கிக் காட்டுவது. உலகம் முழுக்க அதுதான் அளவு. இருபது மடங்கில் தெரிந்து பத்தில் தெரியாத குறை, குறையே இல்லை. இடக்கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு, லூப் பிடித்த கையைக் கன்னத்தில் முட்டுக்கொடுத்து, சாமணத்தால் கல்லின் இடுப்பைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் கல் பறந்துவிடும். பறந்தால் யாரும் அசையக் கூடாது; மின்விசிறியை நிறுத்தி, இருந்த இடத்திலேயே செருப்பின் அடியைத் திருப்பிப் பார்த்து, அப்புறம்தான் தரை.

உள்ளே ஒரு ஊரே இருக்கும். ஊசிமுனைப் புள்ளி, மேகம்போல ஒரு மங்கல், வேறொரு குட்டிப் படிகம், இறகுபோல ஒரு விரிசல். மதுரை வீதியில் வைரம் பார்த்து வாங்கியவர்களுக்கும் இவை தெரிந்திருந்தன. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை ரத்தினக் கடைத்தெருவை வர்ணிக்கும்போது, வைரத்தில் இருக்கக் கூடாத நான்கு குற்றங்களைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. அதில் காகபாதம் என்பதை அண்ணன் இன்றும் அப்படியேதான் சொல்வார்.

குறை எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு என்பதைவிட முக்கியம். முகத்துக்கு நேர் கீழே உட்கார்ந்த ஒரு கரும்புள்ளி, சுற்றியுள்ள பட்டைகளில் எதிரொளித்து ஏழெட்டாகத் தெரியும். ஓரத்தில் இருந்தால் பதிக்கிறபோது கம்பிக்கு அடியில் மறைந்துவிடும். இடுப்பை வந்து தொடுகிற இறகு விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஆபத்து. பதிக்கும் ஆசாரியின் கை அழுத்தத்தில் ஓரம் பெயர்ந்துவிடலாம். இதையெல்லாம் சான்றிதழில் உள்ள ஒற்றை எழுத்து சொல்லாது. ஆனால் நம் ஊரில் அந்த எழுத்துக்குத்தான் மதிப்பு. வி.வி.எஸ்., இ.எஃப். நிறம், அதற்குக் கீழே பேசவே மாட்டார்கள். பழகிய கண்ணுக்கே பத்து மடங்கில் தேடித்தான் வி.வி.எஸ். கல்லின் குறை தென்படும். அதற்கடுத்த வி.எஸ். கல்லைக் காதில் போட்டால் எதிரே நிற்கிற யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனாலும் தோஷம் என்ற சொல் கூடவே வருகிறது. வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவோம் என்று கேட்டு எடுத்துப்போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிரிக்கக் கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. எனக்கும் சிரிப்பு வருவதில்லை: அந்த மூன்று நாளில் அவர்கள் கல்லை வெயிலில், டியூப் லைட்டில், விளக்கு வைத்த நேரத்தில் என்று பார்த்துவிடுகிறார்கள். கடையின் ஸ்பாட் லைட்டுக்குக் கீழே எந்தக் கல்தான் அழகில்லை?

நிஜமா போலியா என்பது தனிப் பாடம், ஆனால் சின்னப் பாடம். அமெரிக்கன் டைமண்ட் என்று நாம் சொல்லும் ஸிர்கோனியாவை எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. பட்டையின் விளிம்புகள் லூப்பில் மழுங்கித் தெரியும், அதே அளவு வைரத்தைவிட எடை ஒன்றரை மடங்குக்கு மேல் வரும். மாய்ஸனைட் வெப்பம் பார்க்கும் கருவியை ஏமாற்றும், ஆனால் சாய்த்துப் பார்த்தால் அடிப்பட்டைக் கோடுகள் இரட்டை இரட்டையாகத் தெரியும். ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம்தான் வேறு கதை. 1954-இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் செய்து காட்டியது, இன்று சூரத்தில் அடுக்கடுக்காக விளைகிறது. 2023 பட்ஜெட்டை ஒட்டி சென்னை ஐ.ஐ.டி.க்கே அதன் ஆராய்ச்சிக்கு 242 கோடி ஒதுக்கினார்கள். அதுவும் கரிதான், வைரமேதான். லூப்பில் பிரித்துச் சொல்ல முடியாது, இயந்திரம் வேண்டும். வெளிச்சத்தைத் திருப்புவதில் அதற்கும் சுரங்கக் கல்லுக்கும் துளி வேறுபாடு இல்லை. ஆனால் விலை சரிந்துகொண்டே போகிறது. அழகுக்குத்தான் விலை என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் அதை எப்படி விளக்குவார்கள் என்று தெரியவில்லை.

எனக்கு இந்தத் தொழில் முழுசாக விளங்கியது ஒரு ஏழுகல் தோட்டில். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. ஒரே அளவு வட்டங்கள் ஆறு ஒரு வட்டத்தைச் சுற்றி இடைவெளி இல்லாமல் உட்காரும் என்பதால் ஏழும் ஒரே குறுக்களவில் இருந்தாக வேண்டும். இரண்டு காதுக்கும் பதினான்கு. காரைக்குடியிலிருந்து வந்த ஒரு ஆச்சியின் தோட்டில் ஒரு கல் விழுந்துபோயிருந்தது. பின்புறம் மூடிய பழைய கட்டு. தலைமுறை தலைமுறையாக எண்ணெய்க் குளியல் கண்டது. வைரத்துக்குத் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் என்றால் விடாது. கிம்பர்லி சுரங்கத்தில் 1890களிலேயே கிரீஸ் தடவிய பலகையில் மண்ணை ஓட்டி வைரத்தை ஒட்ட வைத்துப் பிரித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்ததும்தான் கற்களுக்கு முகம் வந்தது.

மீதிப் பதின்மூன்றையும் விளக்கின் கீழ் வைத்தோம். பதின்மூன்றும் நீலமாக எரிந்தன. முகத்தின் சமதளம் சின்னது, மேல்பாகம் உயரம், அடிமுனை கூராக இல்லாமல் தட்டையாக வெட்டப்பட்டு, மேலிருந்து பார்த்தால் நடுவில் துளைபோலத் தெரிந்தது. டால்கோவ்ஸ்கிக்கு முந்திய கை. வெளிச்சம் பொடிப்பொடியாக இல்லாமல் பெரிய பெரிய துண்டாக வீசும். அலுவலகத்தில் இருந்த பொட்டலங்களில் டி நிறம், உள்ளே மாசில்லாதது, உச்ச வெட்டு என்று என்னென்னவோ இருந்தன. அந்தப் பதின்மூன்றுக்கு நடுவில் வைத்தால் ஒவ்வொன்றும் அந்நியமாகத் தெரிந்தது.

“புதுசா ஒண்ணு போட்டுத் தரட்டுமா ஆச்சி, இதவிட ஒசந்த கல்லு” என்று அண்ணன் ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

“ஒசந்தது எனக்கு எதுக்குப்பா? இதோட சேரணும்.”

பழைய நகை அழித்த கற்கள் வைத்திருக்கும் வியாபாரிகள் சிலர் உண்டு. அவர்களிடம் பொட்டலம் பொட்டலமாக வாங்கி, விரல் சந்தில் வைத்து, விளக்கில் பார்த்து, அளவெடுத்து ஒதுக்கும் வேலை எனக்கு வந்தது. குறுக்களவு ஒத்தால் நீலம் இராது, நீலம் இருந்தால் அடிமுனை கூராக இருக்கும். கடைசியில் ஒன்று சிக்கியது. ஜி-க்கும் எச்-சுக்கும் நடுவில் நிறம், ஓரத்தில் ஒரு சின்ன இறகு, நீலம் பலமாக, வெட்டு இன்றைய கணக்குக்குச் சுமார். 1978 முதல் வரும் ராப்பபோர்ட் விலைப்பட்டியலை வைத்துத்தான் எங்கள் தொழிலில் பேரம். ராப்புக்கு இத்தனை சதவீதம் கீழே என்று பேசுவோம். எந்தக் கணக்கில் பார்த்தாலும் அந்தக் கல்லுக்குப் பட்டியலிலிருந்து நன்றாகக் கீழே இறங்க வேண்டும்.

நாங்கள் எதற்காகத் தேடுகிறோம் என்பது அந்த வியாபாரிக்கும் தெரிந்திருந்தது. பட்டியல் விலைக்கு மேலே கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார், பேரம் பேசாமல் பணத்தை எண்ணினார்.